சூழல் மீதான மனிதத் தாக்கமும் முகாமைத்துவமும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ் நீர்

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கான பாட விளக்கமும் பயிற்சி வினாக்களும்

மனிதச் செயற்பாடுகளால் சூழலுக்கு ஏற்படும் பாதிப்புகளையும் அவற்றைக் குறைக்கும் வழிகளையும் எழுதுமாறு கேட்கும் வினா விஞ்ஞானம், புவியியல் ஆகிய இரு பாடங்களிலும் இடம்பெறக்கூடியது. பாதிப்பைச் சரியாக எழுதும் மாணவர்கள் பலர், தீர்வு என்று வரும்போது "மரம் நடுதல்", "மக்களுக்கு விழிப்புணர்வூட்டல்" என்ற இரண்டையுமே எல்லா வினாக்களுக்கும் எழுதிவிடுகின்றனர். இதனால் புள்ளிகள் இழக்கப்படுகின்றன. நோய்க்கு ஏற்ற மருந்து போல, காரணத்துக்கு ஏற்ற முகாமைத்துவமே சரியான விடையாகும். பொருந்தாத தீர்வு பயனற்றதாகலாம். சில வேளைகளில் பாதிப்பைக் கூட்டவும் செய்யலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
- நிலக்கீழ் நீர் உவராதல், மாசடைதல் ஆகியவற்றுக்கான காரணங்களை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
- ஒவ்வொரு காரணத்துக்கும் பொருத்தமான முகாமைத்துவ நடவடிக்கையை முன்வைப்பீர்கள்.
- தரவுகளைக் கொண்டு ஒரு கிணற்றின் பிரச்சினையை இனங்காண்பீர்கள்.

1. அறிந்திருக்க வேண்டிய பதங்கள்

நிலக்கீழ் நீர்: மழைநீர் மண்ணினூடாகக் கீழிறங்கி, பாறைகளின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கியிருக்கும் நீர்.

மீள்நிரம்பல்: இறைக்கப்பட்ட நிலக்கீழ் நீர் மழையால் மீண்டும் ஈடுசெய்யப்படுதல்.

புள்ளி மூலம்: மாசு வெளியேறும் இடத்தைச் சுட்டிக்காட்டக் கூடியது. (உதாரணம்: தொழிற்சாலைக் கழிவுக் குழாய்)

பரம்பல் மூலம்: பரந்த நிலப்பரப்பிலிருந்து சிறிது சிறிதாக மாசு சேர்வது. (உதாரணம்: தோட்ட நிலங்களிலிருந்து கசியும் பசளை)

சூழல் முகாமைத்துவம்: வளத்தை இன்றைய தேவைக்குப் பயன்படுத்தும் அதே வேளை, அதன் அளவும் தரமும் எதிர்காலச் சந்ததிக்கும் கிடைக்குமாறு திட்டமிட்டுப் பேணுதல்.

2. குடாநாட்டின் இயற்கை அமைப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு மாரி காலத்தில் மட்டும் பாய்கின்றது. ஆண்டு மழைவீழ்ச்சியின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்களில் குடிநீருக்கும் தோட்டச் செய்கைக்கும் மக்கள் காலங்காலமாகக் கிணறுகளையே நம்பி வந்துள்ளனர்.

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழைநீர் சிறிதளவு அமிலத்தன்மை உடையது. அது சுண்ணாம்புக் கல்லைக் கரைப்பதால் நிலத்தின் கீழே வெடிப்புகளும் குகைகளும் உருவாகியுள்ளன. இவ்வமைப்பினால் இரண்டு விளைவுகள் உண்டு.

- மழைநீர் விரைவாகக் கீழிறங்கி நிலக்கீழ் நீராகச் சேர்கின்றது. இது நன்மை.
- மேலே இடப்படும் பசளை, கழிவு, எண்ணெய் என்பனவும் அதே வழியால் விரைவாகக் கீழிறங்குகின்றன. தடித்த மண்படையில் நடைபெறும் வடிகட்டல் இங்கு போதியளவு நடைபெறுவதில்லை. இது தீமை.

சுற்றிலும் கடலும் கடனீரேரிகளும் இருப்பதால் நிலத்தின் அடியில் உவர்நீரும் உண்டு. நன்னீர் உவர்நீரிலும் அடர்த்தி குறைந்தது. எனவே அது வில்லை வடிவில் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழப்பகுதி உவராகவும் இருப்பது இதற்கு நல்ல உதாரணமாகும்.

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறைத் தீவு ஆகிய நான்கு பகுதிகளிலும் இத்தகைய நன்னீர் வில்லைகள் காணப்படுகின்றன.

3. மனிதச் செயற்பாடுகளும் அவற்றின் விளைவுகளும்

*(அ) அளவுக்கு மிஞ்சிய நீரிறைப்பு*

துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீரின் அளவு மனித உழைப்பால் வரையறுக்கப்பட்டிருந்தது. கிணறு ஊறுவதற்கும் நேரம் கிடைத்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னர் இந்த வரையறை நீங்கியது.

நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்தில் இருக்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு செய்யப்படும் எளிய கணிப்பாகும். இதன்படி மேல்மட்டம் அரை மீற்றர் குறைந்தால் அடியில் ஏறத்தாழ 20 மீற்றர் நன்னீர் குறைந்து உவர்நீர் மேலெழும். வெடிப்புகள் நிறைந்த பாறையில் இவ்வளவு சீராக நடைபெறாவிடினும், சிறிய இறக்கம் பெரிய இழப்பைத் தரும் என்பதே முக்கியமானது. உவராகிய கிணறு ஒரு மாரியில் நன்னீராக மாறிவிடும் என எதிர்பார்க்க முடியாது.

*(ஆ) இரசாயனப் பசளைகளின் மிகைப் பயன்பாடு*

வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு முதலிய பயிர்கள் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகங்களில் செய்கை பண்ணப்படுகின்றன. இப்பயிர்களுக்கு இடப்படும் யூரியாவின் 46% நைதரசனாகும். பயிர் உறிஞ்சாமல் விட்ட நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றது. நைத்திரேற்று நீரில் நன்கு கரையக்கூடியது; மண் துணிக்கைகளால் பற்றி வைக்கப்படுவதும் இல்லை. ஆகவே இறைப்பு நீருடனும் மழைநீருடனும் அது கிணற்றை அடைகின்றது. வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகையாக உள்ளமை 1980 களில் நடைபெற்ற ஆய்வுகளிலேயே வெளிப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது. மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். உடலில் நைத்திரேற்று, நைத்திரைற்றாக மாறி ஈமோகுளோபினுடன் தாக்கம் புரிவதால் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் திறன் குறைகின்றது. குழந்தையின் உதடும் தோலும் நீலநிறமாகும். இதனை "நீலக் குழந்தை நோய்" என்பர்.

*(இ) மலசலகூடக் குழிகள்*

நெருக்கமாக வீடுகள் அமைந்த இடங்களில் ஒரு காணியின் குழிக்கு அருகே அடுத்த காணியின் கிணறு அமைந்துவிடுகின்றது. அடித்தளம் கட்டப்படாத குழிகளிலிருந்து கசியும் கழிவுநீர் பாறை வெடிப்புகளினூடாகக் கிணற்றை அடைந்து மலக் கோலிபோம் பற்றீரியாக்களைச் சேர்க்கின்றது. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் முதலிய நோய்கள் பரவ இது இடமளிக்கும். நைத்திரேற்றும் இவ்வழியால் அதிகரிக்கும்.

*(ஈ) எண்ணெய்க் கழிவு*

சுன்னாகம் மின்நிலைய வளாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாக வெளிப்பட்டது. மக்கள் தமது வளவுக் கிணறுகளைக் கைவிட்டு, தாங்கி வாகனங்களில் வந்த நீரை நம்பியிருக்க நேர்ந்தது. இது தொடர்பான அடிப்படை உரிமை மீறல் வழக்கில் 2019 ஏப்பிரலில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தியில் ஈடுபட்ட தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்னும் கோட்பாட்டுக்கு இது இலங்கையில் எடுத்துக்காட்டத்தக்க தீர்ப்பாகும். எனினும் இழப்பீடு கிடைத்தாலும் நிலத்தின் கீழ்ச் சென்ற எண்ணெயை முழுமையாக அகற்றுவது கடினம் என்பதை நினைவிற் கொள்க.

4. காரணத்துக்கு ஏற்ற முகாமைத்துவம்

உவராதலுக்கு எதிராக:
- சொட்டு நீர்ப்பாசனம், தூவல் நீர்ப்பாசனம் மூலம் இறைப்பைக் குறைத்தல்.
- குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல். குளம் தூர்ந்தால் அல்லது குப்பை கொட்டி நிரப்பப்பட்டால் மீள்நிரம்பல் குறையும்.
- கூரை மழைநீரைச் சேகரித்தல்.
- கடல்நீர் உட்புகாதவாறும் மாரிநீர் வீணே கடலைச் சேராதவாறும் தடுப்பணைகளைப் பேணுதல். (உதாரணம்: தொண்டைமானாறு, அரியாலை)

நைத்திரேற்றுக்கு எதிராக:
- மண்ணைப் பரிசோதித்துப் பயிருக்குத் தேவையான அளவு பசளையை மட்டும் இடுதல்.
- மொத்த அளவை ஒரே தடவையில் இடாது பல தடவைகளில் பிரித்து இடுதல். கடும் மழைக்கு முன் இடாதிருத்தல்.
- கூட்டெருவையும் பசுந்தாட் பசளையையும் சேர்த்து இரசாயனப் பசளையின் அளவைப் படிப்படியாகக் குறைத்தல்.

மலக் கழிவுக்கு எதிராக:
- நீர் கசியாதவாறு கட்டப்பட்ட தாங்கிகளை அமைத்தல். நகரப் பகுதிகளில் பொதுக் கழிவுநீர்த் தொகுதியை ஏற்படுத்தல்.
- கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இயன்றளவு கூடிய தூரம் பேணுதல். ஆனால் சுண்ணாம்புக் கல்லில் தூரம் மட்டும் முழுப் பாதுகாப்பைத் தராது.
- கிணற்றுக்குக் குளோரீன் இடுதல், குடிநீரைக் கொதிக்க வைத்தல்.

எண்ணெய்க் கழிவுக்கு எதிராக:
- கழிவெண்ணெயை நிலத்தில் விடாது கொள்கலன்களிற் சேகரித்து மீள்சுழற்சிக்கு அனுப்புதல்.
- சட்டத்தை நடைமுறைப்படுத்தல். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 1988 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் குறித்த சில அபிவிருத்தித் திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

மாற்று நீர்மூலங்களை ஏற்படுத்துவதும் முகாமைத்துவமே. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கும் கொள்ளளவுடைய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல் திறந்து வைக்கப்பட்டது. இதற்குப் பெருமளவு மின்சக்தி தேவை. எனவே குழாய்நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றைக் கைவிடுதல் தகாது.

5. பரீட்சையில் தவிர்க்க வேண்டிய தவறான விடைகள்

"நைத்திரேற்றை அகற்ற நீரைக் கொதிக்க வைத்தல்" என்பது தவறு. கொதிக்க வைத்தால் நுண்ணங்கிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

"உவர்க் கிணற்றை ஆழமாக்குதல்" என்பதும் தவறு. ஆழத்தில் இருப்பது உவர்நீரே.

"இரசாயனப் பசளையை உடனே முற்றாகத் தடைசெய்தல்" என எழுதுவதைத் தவிர்க்கவும். 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. போதிய மாற்றுப் பசளை ஆயத்தமாக இல்லாமையால் விளைச்சல் வீழ்ந்து, விவசாயிகள் பெரிதும் பாதிக்கப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. முகாமைத்துவம் என்பது மக்களின் வாழ்வாதாரத்தையும் கருத்திற் கொள்வதாகும்.

6. மாதிரி வினா

மூன்று கிணறுகளின் நீரைப் பரிசோதித்துப் பெற்ற பெறுமானங்கள் கீழே தரப்பட்டுள்ளன. (இவை பயிற்சிக்காக அமைக்கப்பட்ட எண்கள். அலகு: மில்லிகிராம் / லீற்றர்)

கிணறு அ: நைத்திரேற்று 85, குளோரைட்டு 120. வெங்காயத் தோட்டத்தின் நடுவே உள்ளது.
கிணறு ஆ: நைத்திரேற்று 20, குளோரைட்டு 900. கடற்கரைக்கு அண்மையில், நாள்தோறும் இயந்திரத்தால் இறைக்கப்படுவது.
கிணறு இ: நைத்திரேற்று 18, குளோரைட்டு 90. குளத்துக்கு அருகே உள்ளது.

(i) கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க எக்கிணற்று நீர் மிகவும் ஆபத்தானது? காரணம் தருக. (2 புள்ளிகள்)
(ii) கிணறு அ இன் நிலையைச் சீராக்க இரு நடவடிக்கைகள் தருக. (2 புள்ளிகள்)
(iii) கிணறு ஆ இன் உரிமையாளர் கிணற்றை ஆழமாக்க எண்ணுகிறார். இது பொருத்தமானதா? விளக்குக. (3 புள்ளிகள்)
(iv) கிணறு இ இன் நீர் குடிப்பதற்குப் பாதுகாப்பானது என இத்தரவுகளைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாமா? (3 புள்ளிகள்)

மாதிரி விடை

(i) கிணறு அ. நைத்திரேற்று 50 மில்லிகிராம் எல்லையை மிஞ்சியுள்ளது. நீலக் குழந்தை நோய் ஏற்படலாம்.

(ii) மண் பரிசோதனைக்கு அமைய பசளை இடுதல். பசளையைப் பல தடவைகளில் பிரித்து இடுதல். நிலைமை சீராகும் வரை குழந்தைக்கு வேறு நீரைப் பயன்படுத்த வேண்டும் என எழுதுவதும் ஏற்கத்தக்கது.

(iii) பொருத்தமற்றது. குளோரைட்டு 250 மில்லிகிராமைக் கடக்கும்போது உவர்ச்சுவை உணரப்படலாம். இங்கு 900 ஆக உள்ளமை உவர்நீர் உட்புகுந்துள்ளதைக் காட்டுகின்றது. ஆழமாக்கினால் மேலும் உவர்நீரே கிடைக்கும். இறைப்பைக் குறைத்து மழைநீரால் மீள்நிரப்புவதே பொருத்தமானது.

(iv) முடிவு செய்ய முடியாது. நைத்திரேற்றும் குளோரைட்டும் குறைவாக இருப்பினும் மலக் கோலிபோம் பற்றீரியா பரிசோதிக்கப்படவில்லை. அப்பரிசோதனை செய்யப்படும் வரை நீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டும்.

7. செயற்பாடு

உங்கள் வளவுக் கிணற்றுக்கு அல்லது பாடசாலைக் கிணற்றுக்கு ஒரு வரைபடம் வரைக. அதிலிருந்து மலசலகூடம், தோட்டம், மாட்டுக் கொட்டில், வாகனத் திருத்தகம், குளம் என்பன அமைந்துள்ள திசையையும் தூரத்தையும் குறிக்குக. ஒவ்வொன்றிலிருந்தும் கிணற்றுக்கு என்ன வந்து சேரலாம், அதனை எவ்விடத்தில் தடுக்கலாம் என அட்டவணைப்படுத்துக. ஐயம் இருப்பின் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீர்ப் பரிசோதனை பற்றிக் கேட்டறிக.

நினைவில் வைக்க: கிணற்றினுள் உள்ளதை அறிய, கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். விடை எழுதும்போது "காரணம் – விளைவு – அக்காரணத்தை நீக்கும் நடவடிக்கை" என்ற ஒழுங்கைப் பின்பற்றுக.