பிறர்பொருள் பேணுவோர்

நுழையும்முன்
பொருளை ஈட்டுவது உழைப்பு. ஈட்டியதை வகுத்துக் காப்பது அறிவு. பிறர் ஈட்டிய பொருளைக் காக்க வழிசொல்வதோ அறிவோடு பொறுப்பும் வேண்டும் பணி. நிதித் திட்டமிடுநர் எனப்படும் அப்பணியாளர் ஆவதற்குரிய தகுதிகளைக் காஞ்சி வட்டாரத்தின் வரலாற்றுச் சான்றுகளோடு இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கூரம் காட்டும் வகுத்தல்
காஞ்சிபுரத்தை அடுத்துள்ள சிற்றூர் கூரம். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன், இவ்வூர்ச் சிவன் கோயிலின் பொருட்டுப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். அக்கொடை 25 பங்குகளாக வகுக்கப்பட்டதைக் கூரம் செப்பேடு தெரிவிக்கிறது. வழிபாட்டிற்கும் கோயிலைப் பழுதுபார்ப்பதற்கும் 3 பங்குகள். மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் தர 1 பங்கு. அங்குப் பாரதம் வாசிக்க 1 பங்கு. மறைவல்லோர் இருபதின்மருக்கு 20 பங்குகள். கோயில் பழுதடைந்தபின் பொருள் தேடாமல், கொடையளித்தபோதே அதற்கு வழிசெய்தனர். செலவு வருமுன் அதற்குரிய பங்கை ஒதுக்குவதே நிதித் திட்டமிடலின் அடிப்படை.

தறியும் வருவாயும்
காஞ்சிப் பட்டு நெய்யும் குடும்பத்திற்கு மாதந்தோறும் ஒரே அளவான ஊதியம் இல்லை. சேலையை நெய்து முடித்தபின்னரே கூலி கிடைக்கும். மழை நாள்களில் தெருவில் பாவு நீட்ட இயலாது. தறி நின்றால் வருவாயும் நிற்கும். ஆயினும், வாடகையும் கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் நிற்பதில்லை. இத்தகைய குடும்பத்திற்கு அவசரகாலச் சேமிப்பு, காப்பீடு, கடன் அடைக்கும் முறை, முதுமைக்கான முதலீடு ஆகியவற்றை வரிசைப்படுத்தித் தருபவரே நிதித் திட்டமிடுநர்.

மிகுந்த வட்டி தருவதாகக் கூறி மக்களிடம் வைப்புத்தொகை பெற்று ஏமாற்றிய நிறுவனங்கள் பல. அதனால், முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தவறான ஓர் அறிவுரை, ஒரு குடும்பத்தின் பல்லாண்டுக் கூலியைக் கரைத்துவிடும். எனவேதான் இப்பணிக்குத் தகுதி வரையறுக்கப்பட்டுள்ளது.

தகுதி பெறும் வழி
முதற்படி கல்வி. வணிகவியல், கணக்கியல், பொருளியல், நிதியியல், வணிக மேலாண்மை போன்ற துறைகளில் பெறும் பட்டம் இப்பணிக்கு ஏற்ற அடித்தளமாகும்.

இரண்டாம் படி தேர்வு. பங்குச் சந்தையை நெறிப்படுத்தும் செபி அமைப்பு, 2006இல் தேசியப் பங்குச் சந்தைகள் நிறுவனத்தை ஏற்படுத்தியது. அந்நிறுவனம் முதலீட்டு ஆலோசகர்களுக்கு இரு நிலைகளில் தேர்வு நடத்துகிறது. தேர்ச்சிக்கு 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பித்தல் வேண்டும்.

மூன்றாம் படி பதிவு. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை வழங்குவோர், 2013ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர் விதிகளின்படி செபியில் பதிவு பெற வேண்டும். 2024 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், முன்னனுபவம் கட்டாயம் என்பதை நீக்கியது. நிகரச் சொத்து மதிப்புக்கு மாற்றாக வைப்புத்தொகையை வைத்தது. 150 வாடிக்கையாளர் வரை உடையவர் 1 இலட்சம் ரூபாய் வைப்பு வைத்தல் வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் காலத்தில் நடப்பிலுள்ள விதிகளை அறிந்துகொள்ள வேண்டும்.

இவற்றோடு, சி.எஃப்.பி. என்னும் பன்னாட்டுச் சான்றிதழும் மதிப்புடையது. 1973இல் அமெரிக்காவில் 42 பேர் இதனை முதன்முதலாகப் பெற்றனர். கல்வி, தேர்வு, அனுபவம், நெறிமுறை என்னும் நான்கும் இதற்குத் தேவை. எனினும், இச்சான்றிதழ் செபியின் பதிவுக்கு ஈடாகாது.

ஆலோசகரும் விற்பனையாளரும்
பரஸ்பர நிதித் திட்டங்களை விற்பவர், அவற்றை நடத்தும் நிறுவனத்திடம் தரகு பெறுகிறார். பதிவு பெற்ற ஆலோசகரோ வாடிக்கையாளரிடம் மட்டுமே கட்டணம் பெறுகிறார். அவரது நலனையே முன்னிறுத்தக் கடமைப்பட்டவர். அறிவுரை கூறுபவருக்கு யார் பணம் தருகிறார் என்று கேட்டறிதல் ஒவ்வொருவருக்கும் உரிமை.

தெரிந்து தெளிவோம்
காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகிறது. பொன் வாரியமும் அவற்றுள் ஒன்று. உறுப்பினர் 35 வயதுக்கு மேற்பட்டவராகவும் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், நேர்வழியில் பொருள் ஈட்டியவராகவும் இருத்தல் வேண்டும். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழப்பர். பட்டமும் தேர்வும் இக்காலத்தன; கணக்குக் காட்டும் கடமை அன்றும் இன்றும் ஒன்றே.

கற்பவை கற்றபின்
1. உங்கள் வீட்டின் ஒரு மாத வருவாயை 25 பங்குகளாக வகுத்து, எதிர்பாராச் செலவுக்கு எத்தனை பங்கு ஒதுக்கலாம் எனப் பெற்றோருடன் கலந்துரையாடி எழுதுக.
2. உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் தகுதிகளையும் இன்றைய முதலீட்டு ஆலோசகருக்குரிய தகுதிகளையும் ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.