ஹாலோவீன் போர்வையும் வீட்டுத் தையலும்

நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். இவை நாம் நன்கு அறிந்தவை. பெருவிழாவின் முன்மாலையாகிய அக்டோபர் 31-ஐ ஆங்கிலம் பேசும் மேல்நாட்டார் ‘ஹாலோவீன்’ என்பர். அச்சொல்லின் பொருளும் அதுவே. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். அமெரிக்காவில் குடியேறியோர் பூசணிக்காயைக் குடைந்தனர். சிறுவர் சிறுமியர் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்குவர்.

நம் பாடம் அந்த வேட உடையைப் பற்றியது. 1863-ல் அமெரிக்கத் தையற்காரர் எபனேசர் பட்டரிக், பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டிலேயே அளவாகத் தைப்பது அதனால் எளிதாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னிசன் நிறுவனம், தன் கிரேப் காகிதத்தால் ஹாலோவீன் உடைகள் செய்யும் முறையைப் புத்தகங்களாகவே வெளியிட்டது. பார்வைக்கு அழகுதான், ஆனால் காகித உடையும் மெழுகுவர்த்தியும் ஒரே மாலையில் கூடுவது நமக்கு உவப்பானதன்று.

துணியிலும் இந்தக் கவனம் வேண்டும். மெல்லிய பருத்தியும் வலைத்துணியும் சட்டெனப் பற்றும். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது. 2014-ல் பிரிட்டனில், கடையில் வாங்கிய வேட உடை மெழுகுவர்த்தியில் பட்டு ஒரு சிறுமி பலத்த தீக்காயமுற்றாள். வீட்டில் தைத்தது என்பதால் மட்டும் உடை பாதுகாப்பாகிவிடாது. எனவே நெருக்கமாக நெய்த தடித்த துணி, தொங்கல் இல்லாத அமைப்பு, விளக்குக்குப் பதில் பாட்டரி டார்ச்சு ஆகியவற்றை முதலிலேயே முடிவு செய்வோம்.

பத்து வயதுப் பிள்ளைக்கான தோள்போர்வை இது. 36 அங்குல அகலத் துணி 2 கெஜம் எடுத்து, நீளத்தைப் பாதியாக மடிக்கவும். மடிப்பும் கரையும் சேரும் மூலையில் நூலைப் பிடித்து, 4½ அங்குலத்தில் கழுத்துக்கு ஒரு வளைவும், 32 அங்குலத்தில் கீழ்விளிம்புக்கு ஒரு வளைவும் வரைந்து வெட்டினால் அரைவட்டம் கிடைக்கும். முன்னிரு ஓரங்களும் கரைப்பக்கமாதலால் மடிக்க வேண்டியதில்லை. கீழ்வளைவைத் தைக்க அவசரப்படலாகாது! சில இடங்களில் துணி கிராஸாக அமைவதால் அங்கே இழுபட்டுத் தொங்கும். ஓர் இரவு தொங்கவிட்டு, ஓரத்தைச் சமன்செய்த பிறகே சன்னமாக மடித்து எம்மிங் செய்க. கழுத்தைக் கிராஸ் பட்டியால் கட்டுக. நாடா முடிச்சு வேண்டாம். எங்கேனும் சிக்கினால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் விட்டுவிடும் அமுக்குப் பொத்தானே நல்லது. போர்வை கறுப்பானால் கீழோரத்தில் வெள்ளைப் பட்டை வைக்க வேண்டும். வண்டியோட்டிகளுக்குப் பிள்ளை தெரிய வேண்டுமன்றோ? முகமூடியை விட்டு, முகத்தில் சாயம் தீட்டினால் பார்வை மறையாது.

இனி மிட்டாய்ப் பை. பழைய தலையணை உறையே போதும். 1950-ல் பிலடெல்பியாவில் மேரி எம்மா அலிசன் என்ற தாய், அன்று மாலை மிட்டாயோடு நாணயமும் கேட்டு வாங்கும்படி தம் பிள்ளைகளைப் பால் அட்டைப்பெட்டிகளுடன் அனுப்பினார். சேர்ந்த 17 டாலர், வறிய நாட்டுக் குழந்தைகளுக்காக யுனிசெஃபுக்குச் சென்றது. அவ்வழக்கம் பின்னர் நாடெங்கும் பரவியது. ஆகவே, போர்வையில் மிஞ்சிய மூலைத் துண்டால் பையின் உட்புறம் நாணயத்துக்கெனத் தனி அறை ஒன்று வைப்போம். நாணயத்தின் கனம் மூலைகளில்தான் இறங்கும். அங்கே இரட்டைத் தையல் போடுக.