பழைய டிராக்டரைப் பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா?

காளைக்கு வயதாகிவிட்டதா என்பதை அதன் பல்லைப் பிடித்துப் பார்த்தே நம் குடியானவர்கள் சொல்லிவிடுவார்கள். நடையையும் கொம்பையும் சுழியையும் கண்டு விலை மதிக்கும் திறமை அவர்களுக்குப் பரம்பரையாக வந்ததாகும். டிராக்டருக்கோ பல் இல்லை. அதற்கு வயதாகிவிட்டதை நாம் பெரும்பாலும் நடவு வயலின் நடுவிலே, அது நின்றுபோன பின்னரே அறிகிறோம். அப்போது எழும் கேள்விதான் இக்கட்டுரையின் பொருள்: பழைய வண்டிக்கு இன்னும் பணம் போடுவதா, அன்றி அதனை விட்டு வேறு வழி தேடுவதா?

நம் வட்டாரத்தில், காவிரிப் பாசனத்தைச் சேர்ந்த கிராமம் ஒன்றில் எட்டு ஏக்கர் நன்செய் உடைய உழவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இருந்தது 22 ஆண்டு ஆன, 35 குதிரைத் திறன் கொண்ட டிராக்டர். அவருடைய தகப்பனார் வாங்கியது. அவ்வூருக்கு வந்த முதல் டிராக்டர்களில் ஒன்று. அதனால் அவர் வீட்டிற்கே 'டிராக்டர்காரர் வீடு' என்று பெயர். பதினான்கு மாதங்களுக்குள் கிளட்சுக்கு 18,000 ரூபாய், ஹைட்ராலிக் பம்புக்கு 22,000, பின்சக்கர டயர்கள் இரண்டிற்கு 46,000, டீசல் பம்புக்கு 24,000 என்று ஆக 1,10,000 ரூபாய் செலவிட்டிருந்தார். பிறகு எஞ்சினில் சத்தம் கண்டது. லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றிக் கிராங்க்கையும் கடைந்து கொடுக்க 1,20,000 ரூபாய் ஆகும் என்று மெக்கானிக் கூறினார். உழவர் நம்மிடம் வந்து சொன்னது இது: "இதுவரைக்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போட்டுட்டேனுங்க ஐயா. இப்போ விட்டால் அவ்வளவும் வீண்தானுங்களே?"

அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அந்த 1,10,000 ரூபாய், எஞ்சின் வேலை செய்தாலும் திரும்பி வரப்போவதில்லை, செய்யாவிட்டாலும் வரப்போவதில்லை. அது போனது போனதுதான். ஆகவே இன்றைய முடிவில் அதற்கு இடமே இல்லை. இனிமேல் என்ன செலவு, இனிமேல் என்ன பயன் என்பவை மட்டுமே தராசில் ஏறத்தக்கவை. புதிய டயர்களை வேண்டுமானால் கணக்கில் கொள்ளலாம். வண்டியை விற்கும்போது அவற்றிற்குச் சிறிது விலை கிடைக்கும். கிளட்சுக்கும் பம்புக்கும் வாங்குபவர் தனியே விலை தரமாட்டார். 'இவ்வளவு போட்டாயிற்றே' என்னும் இந்த எண்ணம் உழவரை மட்டும் பிடிப்பதன்று. முன்னர் நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் பழைய ஜீப்புக்கு இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகச் செலவுக் குறிப்பு எழுதி, அதனைத் தள்ளிய நாளில் கூட்டிப் பார்த்து வெட்கியவர்கள் நாமும்தான்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். எடுத்துக்காட்டிற்காக இவ்வுழவரின் தொகைகளையே கொள்வோம். டிராக்டரை உள்ளபடியே விற்றால் 1,50,000 ரூபாய் கிடைக்கும். எஞ்சின் வேலைக்கு 1,20,000. விற்காமல் வைத்துக்கொள்ளும்போது அந்த 1,50,000-ஐயும் நாம் வண்டியில் போட்டதாகவே கொள்ள வேண்டும். இதனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆக முதலீடு 2,70,000. நான்கு ஆண்டு உழைத்தபின் 90,000 ரூபாய்க்குப் போகும் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு 45,000. சராசரி முதல் 1,80,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து வீதம் வட்டி 18,000. பிற பழுதுகளுக்கு 25,000. மொத்தம் ஆண்டுக்கு 88,000 ரூபாய்.

புதிய டிராக்டர் 7,00,000 ரூபாய் என்போம். பத்து ஆண்டில் நூற்றுக்குப் பத்து மதிப்பு மிஞ்சும் என்று கொண்டால், தேய்மானம் ஆண்டுக்கு 63,000; வட்டி 38,500; பழுது 15,000. மொத்தம் 1,16,500 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் இரண்டிற்கும் பொதுவாதலின் அவற்றை விட்டுவிட்டோம்.

பழையதே ஆண்டுக்கு 28,500 ரூபாய் மலிவு என்று இக்கணக்கு கூறுகிறது. ஆனால் ஒன்றைச் சேர்க்கவில்லை. அது வண்டி நிற்கும் நாட்களின் விலை. ஒரு நாள் நின்றால் வெளியாரிடம் வாடகை கொடுப்பதும், வரவேண்டிய வாடகை போவதுமாக 3,000 ரூபாய் நட்டம் என்று வைத்தால், ஆண்டுக்குப் பத்து நாள் கூடுதலாக நின்றாலே பழையதன் சாதகம் முழுதும் கரைந்துவிடும். நம் உழவரின் வண்டி முந்திய ஆண்டில் 17 நாள் நின்றது. அவற்றுள் 11 நாள் சம்பாச் சேற்றுழவின்போது. நாற்றங்காலில் 30 நாளில் பறித்திருக்க வேண்டிய நாற்று 45 நாளைத் தொட்டது; முற்றிய நாற்று தூர் கட்டவில்லை; அறுவடையில் கண்டுமுதல் குறைந்தது. கோடையில் பத்து நாள் நிற்பதும் மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு பத்து நாள் நிற்பதும் ஒன்றல்ல. ஆகையால் வண்டி எத்தனை நாள் நின்றது என்பதோடு எந்த மாதத்தில் நின்றது என்பதையும் குறித்து வைத்தல் வேண்டும். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் எழுதலாம். தனி ரிஜிஸ்தர் தொடங்கினால் பத்து நாளில் நின்றுவிடும் என்பது நம் அனுபவம்.

வண்டியின் உடல்நிலையை அறிய உழவரே சிலவற்றைப் பார்க்கலாம். கரும்புகை கண்டவுடன் எஞ்சின் போயிற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் நாசில் கெட்டிருந்தாலும் கரும்புகை வரும். இவை சிறு செலவில் தீர்வன. நீலப்புகை வந்து, எஞ்சின் ஆயிலும் அடிக்கடி குறைந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளிவருமானால் பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். கியர் பெட்டி ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது; கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் உழும் நம் பகுதி வண்டிகளில் இது மிகுதி. எஞ்சின் ஒன்றே தேய்ந்து கியர் பெட்டியும் ஹைட்ராலிக்கும் முன் அச்சும் நன்றாக இருப்பின் எஞ்சின் வேலை செய்வது தக்கதே. மூன்றும் ஒருங்கே ஆட்டம் கண்டிருந்தால், ஒன்றைச் சரி செய்ததும் அடுத்தது கைநீட்டும். மதிப்பீட்டை இரு பட்டறைகளில் கேட்க வேண்டும். மெக்கானிக்கு வேலை வேண்டும்; வண்டி விற்பவருக்கு விற்பனை வேண்டும். இருவர் சொல்லும் பொய்யன்று, ஆயினும் இருவர் சொல்லையும் அவரவர் இடத்தில் வைத்தே கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்ததால் புதியதே வாங்கலாம் என்று சொல்வோர் உண்டு. டிராக்டர் டயருக்கும் பல உதிரிப் பாகங்களுக்குமான வரி 18-லிருந்து 5 ஆனதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின்னர் நாம் அவ்வுழவரிடம் கேட்ட கேள்வி வேறு: "ஆண்டிற்கு எத்தனை மணி வேலை இருக்கிறது?" வேளாண்மைப் பொறியியல் நூல்கள் டிராக்டரின் ஆயுளைப் பொதுவாக 10 ஆண்டு அல்லது 10,000 மணி என்று கொள்கின்றன, அதாவது ஆண்டுக்கு 1,000 மணி. தகப்பனார் காலத்தில் ஊர் முழுதும் உழுதது இவர்கள் வண்டிதான். இன்று அக்கம்பக்கத்தில் ஏழு டிராக்டர்கள் இருக்கின்றன. கூட்டிப் பார்த்ததில் 150 மணிக்கு மேல் தேறவில்லை. 1,16,500 ரூபாயை 150 மணிக்குப் பகிர்ந்தால், டீசலும் ஆளும் நீங்கலாகவே மணிக்கு ஏறக்குறைய 777 ரூபாய். அவ்வூரில் டீசலும் ஆளும் உட்பட வாடகையே மணிக்கு 1,000 ரூபாய்தான். குறைந்த வேலைக்குப் பழுதுச் செலவு சற்றுக் குறையும் என்றாலும் முடிவு மாறாது. பழையதை வைத்திருந்தாலும் இதே கதைதான். மணிக்கு 587 ரூபாயும், அதன்மேல் டீசல், ஆள், நிற்கும் நாள். ஆகப் பழுது பார்ப்பதும் தகவில்லை. புதியது வாங்குவதும் தகவில்லை.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. "வீட்டுப் பேரே அதாச்சேங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குக் கணக்கில் இடமில்லை என்று நாம் கூறவில்லை, கூறவும் கூடாது. ஆனால் அதன் விலை ஆண்டுக்கு இன்னது என்று தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு. இரண்டு வாரம் கழித்து விற்பதென்று முடிவு செய்தார். பருவத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் உழவு வேண்டியிருக்கும் என்பதால், பக்கத்து வண்டிக்காரரிடம் நாற்று விடும்போதே நாள் பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறார். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை இ-வாடகை செயலி வழியாகப் பதிவு செய்யவும் அவர் மகள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். தனியார் டிராக்டரின் பதிவை 15 ஆண்டிற்குப் பின் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். அரசு, நகராட்சி, பஞ்சாயத்து முதலியவற்றின் வாகனங்களுக்கோ 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதியின்படி, 15 ஆண்டு முடிந்ததும் பதிவு செல்லாது. பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். எனவே 13 ஆண்டு ஆன வண்டிக்குப் பெரிய எஞ்சின் வேலைக்குத் தீர்மானம் போடுமுன் பதிவுச் சான்றின் தேதியைப் பாருங்கள். மாறாக, குப்பை அள்ளும் மின்கல வண்டிகள் சில, 'கெட்டுப்போயிற்று' என்று பஞ்சாயத்துக் கட்டிடத்தின் பின்னே நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் கெட்டது பேட்டரி மட்டுமே. சட்டமும் மோட்டாரும் நன்றாயிருப்பின் பேட்டரியை மாற்றுவதே முறை, வண்டியையே தள்ளிவிடலாகாது.

நம் உழவரின் டிராக்டரை வாங்க வந்தவர் ரொக்கத்தோடு வந்தார். "பேர் மாத்துறதைப் பிறகு பார்த்துக்கலாங்க" என்றார். உழவர் சாவியைக் கொடுக்கவில்லை. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை நாம் முன்னரே சொல்லியிருந்தோம். மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். படிவம் 29-இலும் 30-இலும் இருவரும் கையெழுத்திட்டு, மறுநாள் சேர்ந்தே அலுவலகம் சென்று கொடுத்த பின்னரே டிராக்டர் அவ்வூர் எல்லையைக் கடந்தது.