ஒரே அலைவரிசையில் எட்டுப் பேர் பேசுவது எப்படி?

ரேடியோ பக்கத்தில் பட்டன் போனை வைத்திருந்தால், மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ரேடியோ 'டிர்ர்... டிர்ர்' என்று இரையும். கேட்டிருப்பீங்க. உங்கள் போன் நொடிக்குச் சுமார் 217 தடவை அலையை விட்டு விட்டு அனுப்புவதால் வரும் சத்தம் அது.

ஏன் விட்டு விட்டு? புள்ளம்பாடி வாய்க்கால் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே பாய்ச்சுறோம்? 2ஜி டவரும் அப்படித்தான். 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டு நேரத்துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டு 577 மைக்ரோ வினாடி. உங்கள் முறை முடிந்ததும் மற்ற ஏழு பேர். பிறகு மறுபடியும் நீங்கள்.

அப்படின்னா பேச்சு அறுபடாதா? போன் உங்கள் குரலை 20 மில்லி வினாடித் துணுக்குகளாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, முறை வரும்போது தள்ளிவிடும். மறுமுனையில் அது விரிந்து தொடர்ச்சியாகக் கேட்கும். குரல் தரத்தைக் குறைத்து 16 பேரைத் திணிக்கவும் வழி உண்டு.

தூரமும் ஒரு சிக்கல். பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை அலை கடக்க 100 மைக்ரோ வினாடி ஆகும். போய்வர 200. தூரத்துப் போன் தாமதித்தால் அடுத்தவர் மடையில் புகுந்துவிடும். அதனால் 'கொஞ்சம் முன்னாடியே அனுப்பு' என்று டவர் உத்தரவிடும். அப்படி முந்துவதற்கும் வரம்பு உண்டு. சுமார் 35 கிலோமீட்டரைத் தாண்டினால், சிக்னல் நன்றாக எட்டினாலும் சாதாரணமாக இணைப்பு கிடைக்காது.

இப்போ கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரைக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு டவரில் சில அலைவரிசைகள் இருந்தாலும் துண்டுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவையே. போனில் கோடு முழுசாக இருக்கும், அழைப்பு மட்டும் போகாது. கோடு காட்டுவது அலையின் வலுவை. காலி இடத்தை அல்ல.

கூட்டத்தில் பிள்ளையோ பெரியவரோ பிரிந்துவிட்டால், திரும்பத் திரும்ப அழைக்காமல் நிற்கும் இடத்தை எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. அதற்குப் பேச்சுத் துண்டு தேவையில்லை. கட்டுப்பாட்டுக்கென ஒதுக்கிய வழியில் போய்விடும். கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் பேச்சைவிட வாய்ப்பு அதிகம்.

4ஜி-யில் நேரத்தோடு அலைவரிசையையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பங்கிடுகிறார்கள். அங்கேயும் கூட்டம் கூடினால் நெரிசல்தான்.

திரையில் 'அவசர அழைப்பு மட்டும்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் நிறுவன டவர் கிடைக்கவில்லை, வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டுகிறது என்று அர்த்தம். ஆபத்து என்றால் 112 அழுத்துங்க. அந்த டவர் வழியே அழைப்பு போகும். பேலன்ஸ் இல்லாவிட்டாலும் போகும்.