நாளைக்கு நடப்பதை இங்கிலீஷில் சொல்ல... சில குறிப்புகள்

பெங்களூரில் வீட்டுக்குள் தமிழ், காய்கறிக் கடையில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று நம் பொழுது ஓடுகிறது. சரளமாகப் பேசுகிறவர்கள்கூட, நாளைய விஷயம் என்றால் 'வில்' ஒன்றையே பிடித்துக்கொள்கிறோம். அதோடு இந்தச் சின்ன வழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவே இல்லை.

1. காலிங் பெல் அடித்ததும் எழுந்துகொண்டே சொல்வது 'ஐ வில் கெட் இட்'. அந்த நொடியில் எடுத்த முடிவுக்குத்தான் 'வில்'. அல்சூரில் வீடு பார்ப்பது என்று போன மாதமே முடிவாகியிருந்தால், 'வீ ஆர் கோயிங் டு மூவ் டு அல்சூர்'.

2. மே மாதச் சாயங்காலம் வானம் திடீரென்று கருத்துவிட்டதா? கொடியில் துணி காய்கிறதென்றால் 'இட் இஸ் கோயிங் டு ரெயின்' என்று குரல் கொடுங்கள். அறிகுறி கண்ணுக்குத் தெரியும்போது 'கோயிங் டு'தான் சரி.

3. 'நாளைக்கு வர்றேன்' என்று பேசிப் பழகிய வாயில் 'ஐ கம் டுமாரோ' வந்துவிடும். ஆளும் நேரமும் பேசி முடித்ததென்றால் 'ஐ ஆம் கமிங் டுமாரோ' என்று சொல்லுங்கள். வெறும் நிகழ்காலத்தை ரயில், பஸ், சினிமா நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்'.

4. 'வென்', 'இஃப்', 'அன்டில்', 'ஆஸ் சூன் ஆஸ்' என்று ஆரம்பிக்கும் பாதியில் 'வில்' வேண்டாம். 'வென் ஐ ரீச் சில்க் போர்ட், ஐ வில் கால் யூ' என்றால் போதும்.

5. ஆபீஸ் மெயிலில் 'ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ' என்று எழுதுவது நம் ஊரில் சகஜம், மரியாதை என்று நினைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் வெளிநாட்டிலிருந்து படிப்பவர், 'வுட்' என்றதும் ஏதோ நிபந்தனை வரப்போகிறது என்று காத்திருப்பார். 'ஐ வில் பி ஆன் லீவ்' என்றாலே மரியாதைக்குக் குறைவில்லை.

6. உண்மையான பணிவு இங்கே இருக்கிறது: 'வில் யூ பி யூசிங் த கார் திஸ் ஈவினிங்?' கேட்பவர் எதுவும் கெஞ்சவில்லை, எதிராளிக்கும் மறுக்க வழி இருக்கிறது. இரவல் கேட்குமுன் இப்படி விசாரித்துப் பாருங்கள், சங்கடமே வராது.

7. வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பதை 'டில் ஃப்ரைடே' என்று சொல்லாதீர்கள். அது வெள்ளிவரை வேலை இழுக்கும் என்றாகிவிடும். 'ஐ வில் ஹவ் ஃபினிஷ்ட் இட் பை ஃப்ரைடே' என்றால், அன்றைக்கு வேலை முடிந்து கையில் இருக்கும். வாடகை வீட்டுக் கணக்குக்கு 'பை ஜூன், வீ வில் ஹவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'.

8. பால் பொங்கும் அந்தக் கடைசி நொடிக்கு 'த மில்க் இஸ் அபௌட் டு பாயில் ஓவர்'. மழை நாளில் டிராஃபிக் நிச்சயம் என்றால் 'பவுண்ட் டு', நடக்கலாம் என்றால் 'லைக்லி டு'.

9. பேப்பர் தலைப்பில் 'டு' மட்டும் தனியாக நின்றால் அது வரப்போகிற செய்தி. 2025 ஆகஸ்ட் 10-ல் பிரதமர் நம்ம மெட்ரோ மஞ்சள் பாதையைத் திறந்தார். முந்தைய நாள் தலைப்பென்றால் 'பி.எம். டு ஓப்பன் எல்லோ லைன்' என்ற பாணியில் வரும். இதையே முழுதாக 'ஆல் ஸ்டாஃப் ஆர் டு ரிப்போர்ட் அட் நைன்' என்று எழுதினால் உத்தரவு, ஆகவே வீட்டில் பிரயோகிக்காதீர்கள்.

10. நினைத்து நடக்காமல் போனதற்கு 'ஐ வாஸ் கோயிங் டு கால் யூ'.

11. புத்தகம் வேண்டுமென்றால் மார்ட்டின் ஹியூயிங்ஸ் எழுதிய 'அட்வான்ஸ்டு கிராமர் இன் யூஸ்' ஒன்று போதும். சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் முதலில் தேடுங்கள், புது விலையில் பெருமளவு மிச்சமாகும். வீட்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் இருந்தால், 1963-ல் தொடங்கி, இப்போது ஞானபாரதி வளாகத்தில் இயங்கும் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் பயிற்சிகளை அவசியம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

12. ராத்திரி கேஸை அணைத்த கையோடு, நாளைய வேலைகளை மூன்று வரி இங்கிலீஷில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். ஒரே வாக்கிய வடிவம் திரும்ப வரக்கூடாது என்று வைத்துக்கொண்டு, படிக்கிற பிள்ளையிடம் திருத்தக் கொடுங்கள். இரண்டு பேருக்கும் பயிற்சியாகும்.