தரகர் யாருடைய ஆள்?

வீடு காட்டக் கூட வரும் தரகர் இயல்பாகக் கேட்பார்: "சார், அதிகபட்சம் எதுவரைக்கும் போவீங்க?" நாமும் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவோம். அந்தத் தொகை சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டால், பிறகு பேரம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. ஆகவே விலையைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே, "நீங்க யாருக்காகப் பேசுறீங்க, உங்களுக்கு யார் கமிஷன் தர்றாங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

இரு பக்கத் தரகர்

தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே தரகர்தான் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் நடுவில் நிற்பார். இரு பக்கமும் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கேட்பார். இருவருக்கும் தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. ஆனால் அவர் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பேரத்தில் விலை ஒரு லட்சம் இறங்கினால் விற்பவருக்கு நஷ்டம் ஒரு லட்சம். ஒரு சதவீதக் கமிஷனில் தரகருக்குக் குறைவது ஒரு பக்கத்துக்கு 1,000 ரூபாய்தான். பேச்சு முறிந்தாலோ முழுக் கமிஷனும் போய்விடும். கல்யாணத் தரகரைப் போல, எப்படியாவது முடிய வேண்டும் என்பதே அவர் அவசரம்.

எனவே இவரிடம் தண்ணீர் வசதி, அக்கம்பக்கம், பாதைத் தகராறு எல்லாம் கேளுங்கள். உங்கள் உச்ச விலையை மட்டும் சொல்லாதீர்கள். விற்பவரும் கடன் நெருக்கடியையோ மகள் கல்யாணத் தேதியையோ வாய்விட வேண்டாம்.

உங்கள் முகவர் என்றால்

உங்களுக்காக மட்டும் ஒருவரை அமர்த்தினால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அவர்மேல் சில கடமைகளைச் சுமத்துகிறது. கணக்குக் காட்ட வேண்டும். சிக்கல் வந்தால் முயன்று உங்களைத் தொடர்புகொண்டு யோசனை கேட்க வேண்டும். உங்களிடம் சொல்லாமல் தானே அந்தச் சொத்தில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம். முக்கியமான விஷயத்தை மறைத்திருந்தால் பேரத்தையே மறுக்கலாம்.

விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தரகரே குறைந்த விலைக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, கூடுதல் விலைக்கு இன்னொருவரைப் பிடித்து நடுவில் லாபம் எடுப்பது உண்டு. "நானோ நான் கைகாட்டும் நபரோ" என்ற வரி அக்ரிமென்டில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

இன்னொன்று: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தன்னிடம் கொடுத்த ஆவணங்களைக் கமிஷன் பாக்கி தீரும்வரை முகவர் பிடித்து வைத்துக்கொள்ள அதே சட்டம் இடமளிக்கிறது. மூலப் பத்திரத்தைக் கையில் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

பவர் ஏஜென்ட்

இவர் வெறும் தரகர் அல்ல. உரிமையாளர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர். பவர் பத்திரத்தை வாசித்து, விற்கும் அதிகாரமும் பணம் பெறும் அதிகாரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் முடிந்துவிடும். எனவே உரிமையாளரிடம் நேரிலோ வீடியோ அழைப்பிலோ பேசுங்கள். வில்லங்கச் சான்றிதழோடு நிற்காமல், பவர் ரத்தாகியிருக்கிறதா என்று சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரியுங்கள். வெறும் பவரை வாங்கிக்கொண்டு "சொத்து என்னுடையது" என்று இருந்துவிடாதீர்கள். பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பில்டரின் ஆள்

"உங்ககிட்ட கமிஷனே இல்ல சார்" என்பவருக்குப் பில்டர் தருகிறார். அவர் பில்டருக்காகத்தான் பேசுவார். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான திட்டத்தில் பில்டர் விற்கும் மனையையோ ஃபிளாட்டையோ விற்றுக்கொடுக்க, 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் 5 சதவீதம்வரை அபராதம். ரெரா இணையதளத்தில் அவர் பதிவு எண்ணையும் திட்டத்தின் எண்ணையும் சரிபாருங்கள். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. தனி நபரின் பழைய வீட்டை வாங்கும்போது இந்தப் பதிவு விதி பொருந்தாது. அங்கே எழுத்து ஒன்றே உங்களுக்குப் பாதுகாப்பு.

ஒரு பக்கக் கடிதம்

தரகரிடம் ஒரு தாளில் இவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்:

- அவர் யாருக்காகச் செயல்படுகிறார், மறுபக்கமும் கமிஷன் வாங்குகிறாரா.
- கமிஷன் எவ்வளவு, எப்போது. அட்வான்ஸ் அன்று பாதி கேட்பார்கள். கிரயம் பதிவான பிறகே முழுவதும் என்று பேசிப் பாருங்கள்.
- பேரம் முறிந்தால் ஏதாவது தர வேண்டுமா.
- சொத்தில் அவருக்கோ அவர் உறவினருக்கோ பங்கு உண்டா.
- இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு.

அட்வான்ஸ் தொகை தரகர் கைக்குப் போக வேண்டாம். உரிமையாளர் பெயருக்குக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ போகட்டும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போட நேர்மையான தரகர் தயங்க மாட்டார். அவர் கமிஷனுக்கும் அதுவே ஆதாரம். "நம்பிக்கை இல்லையா சார்?" என்று முகம் சுளிப்பவரிடம் வீடு பார்க்காமல் இருப்பதே லாபம்.