ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால், கார்டை உருவுங்கள்

கேமராவில் தெரிகிற படம் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? கார்டு கெட்டுப்போச்சு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் கார்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். அக்கா மகளின் வளைகாப்புப் படங்கள் அத்தனையும் ஒரே கிளிக்கில் போயின.

முதலில் கேபிளில்தான் முயன்றோம். என்னுடையது நிக்கான் டி3500. மைக்ரோ யுஎஸ்பி கேபிள் வேண்டும். அக்கா வீட்டுக்காரரான அத்தான் பவர்பேங்க்கோடு வந்த கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு, “கேமராவுலதான் கோளாறு மாப்ளே” என்றார். அந்த மாதிரி கேபிள்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டும்தான் இருக்கும். டேட்டா போகும் இரண்டு கம்பிகள் இருக்காது. சொன்னேன், கேட்கவில்லை. ப்ளூடூத்தில் போனுக்கு ஏற்றலாமே என்றார். அதில் 24 மெகாபிக்சல் படம் வழக்கமாக 2 மெகாபிக்சலாகச் சுருங்கித்தான் வரும். வாட்ஸ்அப்புக்கு அது போதும், ஆல்பத்துக்கு ஆகாது.

மறுநாள் நான் ஆபீஸ் போன நேரம் பார்த்து, கார்டைக் கழற்றிக்கொண்டு தெருமுனை ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். அங்கே பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய கார்டு ரீடர். கார்டைப் போட்டதும் “ஃபார்மேட் செய்ய வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறது. கடைப் பையன் “எஸ்” கொடுத்துவிட்டான். கடைக்காரர் என்னிடம் சொன்னது: “நீங்க நல்ல கார்டா வாங்கியிருக்கணும் சார்.”

கார்டு நல்ல கார்டுதான். 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை உள்ளவை எஸ்டிஎச்சி. அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. இந்த இரண்டாவது ரகம் 2009-இல்தான் வந்தது, எக்ஸ்ஃபேட் என்ற முறையில் கோப்புகளை வைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். என் 64 ஜிபி கார்டை அந்தப் பழைய ரீடருக்குப் படிக்கத் தெரியவில்லை. கம்ப்யூட்டரோ தனக்குப் புரியாததைக் காலி என்று நினைத்துக்கொண்டு ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. தொழிலே படம் என்று வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பெரும்பாலும் நடப்பது குவிக் ஃபார்மேட். அது படங்களின் அட்டவணையைத்தான் அழிக்கும். படங்கள் அப்படியே கிடக்கும். அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அதனால் கார்டின் பக்கவாட்டுப் பொத்தானை லாக் பக்கம் தள்ளினேன். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, மீண்ட படங்களை வேறு ஹார்ட் டிஸ்கில் சேமித்தேன். விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கோப்புப் பெயர்கள் போய்விட்டன, சில வீடியோக்கள் ஓடவில்லை. ஆனால் வளையல் அடுக்கும் படங்கள் வந்துவிட்டன. அத்தான் “நான்தான் சொன்னேனே, எங்கேயும் போகாதுன்னு” என்றார். அக்கா வீட்டுக்காரரிடம் என்ன பேச முடியும்!

மற்றதெல்லாம் சின்ன விஷயம். எஸ்டிஎக்ஸ்சி படிக்கும் ரீடராகப் பார்த்து வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான்; வாங்கினால் கேபிள் தொல்லையே இல்லை. படங்கள் டிசிஐஎம் ஃபோல்டரில் இருக்கும். கட் கொடுக்காதீர்கள், காப்பி கொடுங்கள். பாதியில் ரீடர் ஆடினாலும் மூலப்படம் கார்டில் இருக்கும். எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தபின், கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

ஸ்டுடியோவுக்குப் பிரிண்ட் போடப் போகிறீர்களா, படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கார்டைக் கொடுக்காதீர்கள், வீட்டுப் பெரியவர் கேட்டாலும் சரி.